இரண்டு அணிக்கும் ஒரே முதலாளி

ஒரு காலத்தில் நான் கரப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கினேன். இதைச் சொன்னால் இப்போது யாரும் சட்டென்று நம்புவதில்லை. இரத்தினபுரிப் பக்கத்தில் நான்கு அணிகள் இருந்தன, நான்கு முதலாளிகள் இருந்தார்கள், டிக்கட் வைத்து ஆட்டம் நடந்தது என்று சொன்னால், கிரிக்கெட்டா என்று கேட்கிறார்கள். வொலிபோல் என்றதும் அப்படியா என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்த லீக் தொண்ணூறுகளில் சில வருடங்கள் நடந்து பிறகு இல்லாமல் போனது. எந்த நாளில் இல்லாமல் போனது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

எங்களுடையது ரப்பர் தோட்டம். அப்பா அம்மா தவறிய பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. அக்காவின் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். நானும் அவரும் ஒரே மலையில் பால் வெட்டினோம். விடியற்காலையில் வெட்டி, மத்தியானத்துக்குள் பால் எடுத்து ஊற்றிவிட்டால் அதற்குப் பிறகு நாள் எங்களுடையது. லயத்துக்குக் கீழே ஒரு மண் தரை இருந்தது. அங்கே கயிறு கட்டி விளையாடுவோம். நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பேன், மச்சான் எழும்பி அடிப்பார். அவர் நல்ல உயரம். அடிக்கும்போது அவர் முகத்தில் கோபமோ சந்தோஷமோ எதுவும் தெரியாது. சாதாரணமாகவே அவர் அதிகம் பேசமாட்டார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். சரி என்று தலையாட்டுகிறாரா, கேட்டது என்று தலையாட்டுகிறாரா என்பது கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் அக்காவுக்கே தெரியாது.

தோட்டத்துக்குக் கீழே வயல் பக்கம் மாணிக்கக் குழிகள் இருந்தன. அவற்றை வைத்திருந்த முதலாளி சிங்களவர். குழியில் எங்கள் ஆட்களும் வேலை செய்ததால் தமிழ் ஓரளவு பேசுவார். கோயில் திருவிழாவுக்கு வந்தவர் நாங்கள் விளையாடியதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே லயத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு எங்களைப் பார்த்து, "நீ தூக்கு, அவன் அடி. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் எனக்கு வேணும். தனித்தனியா வேணாம்" என்றார்.

மச்சான் தலையாட்டினார். அப்படித்தான் நாங்கள் சிவப்பு அணிக்குப் போனோம்.

முதலாளிகள் நான்கு பேர் பேசிச் சேர்ந்து அந்த லீக்கை ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் கல் முதலாளி சிவப்பு. பஸ் வைத்திருந்த ஒருவர் பச்சை. மர ஆலைக்காரர் மஞ்சள். பேக்கரிக்காரர் நீலம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய என்று மாறி மாறி ஆட்டம். அறிவிப்புக்கு ஒலிபெருக்கி, பக்கத்தில் கடலை வண்டி, சோள வண்டி. முதல் வருடம் காலையில் பால் வெட்டிவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்குப் போனோம். என் விரல்களில் காய்ந்த ரப்பர் பால் தோல் தோலாக ஒட்டியிருக்கும். நடுவர் ஒருமுறை பந்து என் கையில் ஒட்டுகிறது என்று விசில் ஊதிவிட்டார். முதலாளி எழுந்து வந்து என் கையை அவரிடம் காட்டி, இது அவன் தொழில், இதற்கு எப்படித் தண்டனை கொடுப்பாய் என்று சண்டை பிடித்தார். புள்ளி திரும்பக் கிடைத்ததா என்று ஞாபகம் இல்லை.

இரண்டாவது வருடம் அவர் எங்களைத் தோட்டத்து வேலையை விடச் சொன்னார். விட்டுவிட்டோம். தோட்டத்துப் பதிவேட்டில் எங்கள் பேரை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் யார் என்பதில் ஒரு சின்னக் குழப்பம் ஆரம்பித்தது. எம்பிலிப்பிட்டியவுக்கு ஆட்டத்துக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் எங்கள் அணி வேனை நிறுத்தினார்கள். தமிழ் ஆட்களான எங்கள் இருவரையும் மட்டும் இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் என்ன தொழில் என்று கேட்டான். வொலிபோல் என்றேன். அது விளையாட்டு, நான் தொழிலைக் கேட்கிறேன் என்றான். மறுபடியும் வொலிபோல் என்றேன். மச்சானிடம் கேட்டான். அவர் தலையாட்டினார். எங்கள் கோச் இறங்கி வந்து அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் கோச் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்த சிங்களவர், நல்ல மனிதர். கடைசியில் சிப்பாய் வேனுக்குள் எட்டிப் பார்த்து, நான் பச்சைக்காரன், நீங்கள் இன்றைக்குத் தோற்கவேண்டும் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான். திரும்பி உட்கார்ந்து, அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். ஆனால் யாரோ ஒரு சிப்பாய் இதையெல்லாம் கவனித்து ஒரு பக்கம் எடுத்திருக்கிறானே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் முதலாளிக்கு ஒரு வினோதமான பழக்கம். ஆட்டம் முழுவதும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கத்துவார். ஒவ்வொரு செட்டும் முடியப் போகிற நேரத்தில் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பார். அவருக்கு அதைப் பார்க்கத் தைரியம் கிடையாது. விசில் கேட்டதும் வேன் டிரைவரிடம், என்ன ஆச்சு என்று கேட்பார். டிரைவர் சொல்வதுதான் அவருக்கு முடிவு.

முதலில் இல்லாமல் போனது மஞ்சள். ஒரு போயா நாளில் நாங்கள் உடுப்பு மாற்றிக்கொண்டு மைதானத்தில் நின்றோம். மஞ்சள்காரர்கள் வரவில்லை. நடுவர் காத்திருந்து பார்த்துவிட்டு நாங்கள் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார். டிக்கட் வாங்கிய சனங்கள் சத்தம் போட்டதால் எங்களையே இரண்டாகப் பிரித்து விளையாட விட்டார்கள். மர ஆலை மூடிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். நீலம் கொஞ்சம் மெதுவாகப் போனது. பேக்கரிக்காரர் யாருக்கோ அணியை விற்றுவிட்டார் என்றார்கள். யாருக்கு என்று நீலத்து ஆட்களிடமே கேட்டேன். எங்களுக்கும் தெரியாது, உடுப்பு மட்டும் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பிறகு அதுவும் வரவில்லை.

மிச்சம் இருந்தது சிவப்பும் பச்சையும். பச்சையை எங்கள் முதலாளி வாங்கிவிட்டார் என்பதை நான் பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன். என்னை அடையாளம் தெரிந்த கொண்டக்டர் ஒருவர் டிக்கட்டுக்குப் பணம் வாங்காமல், இனி நீயும் நானும் ஒரு வீட்டு ஆட்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பஸ் முதலாளி இரண்டு பஸ்ஸையும் அவற்றோடு பச்சை அணியையும் சேர்த்துக் கல் முதலாளிக்கு விற்றுவிட்டார் என்று பிறகு விளக்கினார். பஸ்ஸோடு சேர்த்தா என்று கேட்டேன். ஆமாம், தனியாகக் கேட்டால் யார் வாங்குவார்கள் என்றார்.

மறுநாள் பயிற்சிக்குப் போனால் பச்சைக்காரர்கள் பைகளோடு எங்கள் மைதானத்தில் நிற்கிறார்கள். போன மாதம்தான் அவர்களோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தோம். இப்போது எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இரண்டு கோச்சுகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடினோம். ஓடுவதற்குப் பக்கம் தேவையில்லை.

முதலாளி வந்தார். இறுதி ஆட்டத்துக்கு ஊரெல்லாம் அறிவித்தாயிற்று, நடத்தாமல் விட முடியாது என்றார். பச்சையில் நன்றாக அடிப்பவர்கள் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவர் எங்கள் வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு மச்சானைக் கையால் காட்டினார்.

"நீ அந்தப் பக்கம் போ. மேட்ச் நல்லா இருக்கணும்."

மச்சான் தலையாட்டினார். எங்கள் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, தனித்தனியா வேணாம் என்று சொன்ன அதே மனிதர்தான். அதை அவருக்கு ஞாபகப்படுத்தலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் இரண்டு பேரையும்தானே வைத்திருக்கிறார், பிரிக்கவில்லையே என்றும் தோன்றியது. நான் யோசித்து முடிப்பதற்குள் மச்சான் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். அது வேறு யாருக்கோ தைத்தது. கை தூக்கினால் வயிறு தெரிந்தது.

அன்று வீட்டில் சோறு போடும்போது அக்கா கேட்டாள்.

"அப்ப நான் யாருக்குக் கை தட்டுறது?"

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். நான், ரெண்டு பேருக்கும் தட்டு, ரெண்டும் ஒரே முதலாளிதானே என்றேன். அக்கா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். ஒரே முதலாளி என்றால் எதற்கு ரெண்டு பக்கமும் நின்று அடித்துக்கொள்கிறீர்கள், ஆளுக்குப் பாதி என்று பரிசுக் கோப்பையை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே என்றாள். 

இறுதி ஆட்டத்துக்கு முந்திய நாட்களிலும் நாங்கள் வழக்கம்போலப் பின்னேரத்தில் லயத்துக்குக் கீழே போய் விளையாடினோம். நான் தூக்கிக் கொடுத்தேன், அவர் அடித்தார். சில நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் எதிரணி ஆளுக்கல்லவா பயிற்சி கொடுக்கிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மச்சான், நாம இப்படி விளையாடலாமா என்று கேட்டேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "தெரியலையே மாப்ள. வேற யாரு எனக்குத் தூக்கிக் குடுப்பா?" என்றார். நான் பந்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

இறுதி ஆட்டத்தன்று இரத்தினபுரி மைதானத்தில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கியில் சிங்கள பைலாப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில், நடுவரின் ஏணிக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் தொடங்கும் முன் முதலாளி எங்கள் பக்கம் வந்தார். எல்லோர் தோளையும் தொட்டு, இன்றைக்கு ஜெயிக்க வேண்டும் மல்லி, எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். மல்லி என்றால் தம்பி. அவர் கண் கலங்கியிருந்தது. எங்களுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. பிறகு அவர் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். பச்சைக்காரர்களின் தோளைத் தொட்டார். என்னவோ சொன்னார். மச்சான் தலையாட்டுவதை நான் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு முதலாளி உங்களிடம் என்ன சொன்னார் என்று. பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, தலையாட்டி வைத்தேன் என்றார்.

முதல் செட் நாங்கள். இரண்டாவது அவர்கள். அப்படியே மாறி மாறிப் போய் ஐந்தாவது செட்டுக்கு வந்துவிட்டது. மச்சான் அடித்த பந்துகளை எங்கள் ஆட்களால் எடுக்க முடியவில்லை. எனக்கு வேறொரு தொல்லை. பந்து என் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கண் தானாக மச்சானைத் தேடும். அவர் வலைக்கு அந்தப் பக்கம் எழும்பத் தயாராக நிற்பார். ஒருமுறை நான் தூக்கிய பந்து வலைக்கு மேலேயே போய் அந்தப் பக்கம் சாய்ந்தது. மச்சான் எழும்பி எங்கள் தரையிலேயே அடித்தார். இதைவிட நல்ல பந்து அன்றைக்கு யாருக்கும் நான் கொடுக்கவில்லை. கோச் ஓடி வந்து, நீ யாருக்குத் தூக்குகிறாய் என்று கத்தினார். நான் வேண்டுமென்று செய்யவில்லை. கைக்குத் தெரிந்ததை அது செய்துவிட்டது. கூட்டத்தில் அக்கா மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தட்டினாளாம்.

இரத்தினபுரி மழையைத் தெரிந்தவர்களுக்கு அது எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. செட் முடியப் போகிற நேரம். முதலாளி எழுந்து மலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் தூக்கிக் கொடுத்தேன், எங்கள் ஆள் அடித்தான், மச்சான் இரண்டு கைகளையும் உயர்த்தித் தடுத்தார். பந்து நேராக மேலே போனது. அந்த நேரம் பார்த்து மழை ஒரேயடியாகக் கொட்டியது. பந்தை அண்ணாந்து பார்த்த எல்லோர் கண்ணிலும் தண்ணீர். விசில் சத்தம் கேட்டது. பந்து விழுந்த சத்தமும் கேட்டது. எது முதலில் என்று தெரியவில்லை. பந்து எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை. சிவப்புக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பச்சைக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். சனங்கள் தகரக் கூரைக்கு ஓடினார்கள்.

கூரைக்குக் கீழே எல்லோரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டோம். அவர் தலையைத் துடைத்துக்கொண்டு, நான் மழைக்குத்தான் விசில் ஊதினேன் என்றார். பந்து விழுவதற்கு முன்னாலா பின்னாலா என்று கோச் கேட்டார். மழையோடு சேர்த்து என்றார் நடுவர். முதலாளி நனைந்தபடி வந்து, வழக்கம்போல டிரைவரிடம், என்ன ஆச்சு என்று கேட்டார். டிரைவர் அப்போதுதான் வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓடி வந்திருந்தார். அவரும் எங்களைப் பார்த்து, என்ன ஆச்சு என்றார்.

மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளையாடுவது என்று முதலாளி முடிவு செய்தார். கோப்பையை வேனின் முன் சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நாங்கள் அக்காவோடும் பிள்ளைகளோடும் பஸ்ஸில் வந்தோம். நாங்கள்தான் முன்னால் இருந்தோம் என்றேன் நான். இல்லை, பச்சைதான் முன்னால் என்றார் மச்சான். அவர் அவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் மழை. அதற்கடுத்ததிலும் ஆட்டம் இல்லை. நாங்கள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் கோச் வருவது குறைந்து நின்றது. பச்சையின் கோச் ஒரு நாள் வந்து, உங்கள் கோச் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். சிவப்பில் பாதி, பச்சையில் பாதி என்று வந்த ஆட்களை வைத்து விளையாடினோம். நிறம் கலந்துவிட்டதால் யார் எந்தப் பக்கம் என்று ஆட்டத்துக்கு நடுவில் மறந்துவிடும். வரும் ஆட்கள் குறைந்துகொண்டே போய், ஒரு நாள் மைதானத்தில் நானும் மச்சானும் மட்டும் நின்றோம். அன்றைக்குத்தான் லீக் முடிந்ததா? அல்லது மழை பெய்த அன்றைக்கே முடிந்துவிட்டதா? யாரும் வந்து முடிந்தது என்று சொல்லவில்லை.

இருவருமாக முதலாளி வீட்டுக்குப் போனோம். பெரிய வீடு, முன்னால் பளிங்குத் தரை. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றோம். அவர் மனைவி வந்து உட்காரச் சொன்னார். முதலாளி மடகஸ்காருக்குப் போய்விட்டார் என்றார். அது ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தீவாம். அங்கே புதிதாகக் கல் கிடைக்கிறதாம், இரத்தினபுரி வியாபாரிகள் பாதிப் பேர் அங்கேதான் போயிருக்கிறார்களாம். எப்போது வருவார் என்று கேட்டேன். வெசாக் பண்டிகைக்கு என்றார், பிறகு எந்த வெசாக் என்று சொல்லவில்லை என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எங்களைவிடக் குழம்பியிருப்பது போல இருந்தது. களஞ்சிய அறையைத் திறந்து வலையையும் பந்துகளையும் காட்டி, இது சிவப்புடையதா பச்சையுடையதா, யாரிடம் கொடுப்பது என்று எங்களிடமே கேட்டார். இரண்டும் முதலாளியுடையதுதான் என்றேன். அப்படியானால் இங்கேயே இருக்கட்டும் என்று கதவைப் பூட்டினார். கோப்பையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாதம் நான் தோட்டத்தை நடத்தும் துரையைப் போய்ப் பார்த்தேன். தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்த பிறகு வந்த இளம் துரை அவர். தமிழ் நன்றாகப் பேசுவார். திரும்ப வேலை வேண்டும் என்றேன்.

"ஏன், அந்த லீக் முடிஞ்சிருச்சா?"

"தெரியலைங்க தொரை."

"தெரியலைனா எப்படிப் பேர் போடுறது? நாளைக்கே வேன் வந்தா நீ ஏறிப் போயிருவ."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாளைக்கு வேன் வந்தால் நான் ஏறித்தான் போயிருப்பேன். கடைசியில் நிரந்தரம் இல்லாமல் புல் வெட்டுகிற வேலை கொடுத்தார். மச்சான் துரையிடம் போகவில்லை. முதலாளி வரட்டும் பார்ப்போம் என்று இருந்தார்.

வேன் வந்தது. ஆனால் அதில் முதலாளி இல்லை, டிரைவர் மட்டும் வந்தார். முதலாளி மடகஸ்காரிலிருந்து போன் பண்ணினாராம், உயரமான ஆளை உடனே அனுப்பச் சொன்னாராம், செலவெல்லாம் அவருடையதாம். அங்கேயும் டீம் போடப் போகிறாரா என்று அக்கா கேட்டாள். எனக்குச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார் டிரைவர். நான் மெதுவாக, என்னைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். உயரமான ஆள் என்று மட்டும்தான் சொன்னார் என்றார். மச்சான் தலையாட்டினார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா யோசிச்சித் தலையாட்டுங்க. இது கிரவுண்ட் இல்ல, வேற நாடு" என்றாள்.

அவர் யோசித்தார். பிறகு மறுபடியும் தலையாட்டினார். இரண்டு மூன்று மாதத்தில் போய்விட்டார்.

அவர் போன் பண்ணும் நாட்களில் நானும் அக்காவும் சந்தியில் இருந்த டெலிபோன் கடைக்குப் போய்க் காத்திருப்போம். அந்த லைனில் ஒரு சிக்கல். நாம் சொல்வது அங்கே போய்ச் சேரவும், அங்கிருந்து பதில் வரவும் நேரம் எடுக்கும். அக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சாப்பாடு நல்லா இருக்கா என்று கேட்பாள், பதில் வருவதற்குள் என்ன வேலை என்று கேட்பாள், அதற்குள் விளையாடுறீங்களா என்று கேட்பாள். கடைசியில் "ஆமா" என்று ஒரு குரல் வரும். எந்தக் கேள்விக்கு ஆமா என்று இருவரும் வீடு வரை பேசிக்கொண்டே வருவோம். தோட்டத்தில் கேட்பவர்களிடம், அவர் வெளிநாட்டில் டீமில் விளையாடுகிறார் என்று அக்கா சொல்வாள். சில நாள் கல் தோண்டுகிறார் என்பாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார். கறுத்து, மெலிந்து, மலேரியா வந்து எழும்பிய உடம்பு. பிள்ளைகள் முதலில் பக்கத்தில் போகவில்லை. நான்தான் போய்ப் பையை வாங்கினேன். கைகள் அப்படியே பெரிதாக இருந்தன. கல் சலிக்கும் இடத்தில் காவல் வேலை பார்த்ததாகச் சொன்னார். செம்மண் பூமி, மரம் இல்லை, வெயில், வைக்கோல் தொப்பி போட்ட சனங்கள். முதலாளி ஒரு நாள் இரண்டு கம்பு நட்டு வலை கட்டினாராம். இலங்கை ஆட்களைப் பிரித்து விளையாட வைத்தாராம். வேடிக்கை பார்க்க வந்த அந்த ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கி, இவர்களைவிட நன்றாக அடித்தார்களாம். மறுநாள் பக்கத்தில் எங்கோ நீலக்கல் கிடைத்தது என்று எல்லோரும் கம்பையும் வலையையும் விட்டுவிட்டு ஓடிவிட்டார்களாம்.

"லீக்கைப் பத்தி அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். முடிஞ்சிருச்சா முதலாளினு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தலையாட்டினாரு" என்றார் மச்சான்.

முதலாளி இரத்தினபுரிக்குத் திரும்பவில்லை. தாய்லாந்தில் கடை போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள், வேறு சிலர் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். மச்சான் கொண்டு வந்த பணத்தில் ஒரு முச்சக்கரவண்டி வாங்கி டவுனில் ஓட்ட ஆரம்பித்தார். துரை மாறிப் போனார். புதிதாக வந்தவர் என்னிடம் லீக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ரப்பர் பெக்டரியில் நிரந்தரமாகப் பேர் போட்டார்.  நான் இனி விளையாட்டுக்காரன் இல்லை என்பது அன்றைக்குத்தான் நிச்சயமானது. சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் எனக்கு அப்படி இருக்கவில்லை.

சில வருடம் கழித்து, யுத்தம் மறுபடி மும்முரமாக இருந்த நேரத்தில், கொழும்பிலிருந்து ஒரு வேன் தோட்டத்துக்கு வந்தது. புதிதாக ஒரு லீக் தொடங்கப்போகிறார்கள், உயரமான இளைஞர்கள் வேண்டும், தங்க இடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் உண்டு என்றார்கள். எங்கள் லயத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இருவரின் தாய்மாரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தமிழ்ப் பையன்களைக் கொழும்புக்கு அனுப்பப் பயந்த காலம் அது. நீங்கள் ஏற்கெனவே இதில் இருந்தவர்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அனுப்புங்கள் என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வேண்டாம் என்றார் மச்சான். தலையாட்டாமல், வாயைத் திறந்து சொன்னார்.

அந்தத் தாய்மார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"அனுப்புறதுனா அனுப்புங்க. முடிஞ்சா முடிஞ்சிருச்சினு யாரு வந்து சொல்லுவாங்கனு மட்டும் அந்த ஆளுங்ககிட்ட கேட்டு வச்சிக்கங்க."

அவர்கள் உண்மையாகவே போய்க் கேட்டார்கள். வேனில் வந்தவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு தாய் மகனை அனுப்பவில்லை. இன்னொருத்தி அனுப்பினாள்.

போனவன் கொஞ்ச மாதம் கழித்து மச்சானுக்குப் போன் பண்ணினான். அப்போது செல்போன் வந்துவிட்டது. முச்சக்கரவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டீமின் பெயரை மாற்றிவிட்டார்களாம், புது உடுப்பு வருமாம், இன்னும் வரவில்லையாம், கோச்சைக் கொஞ்ச நாளாகக் காணவில்லையாம். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் மாமா என்று கேட்டானாம். மச்சான் பின்பக்கமாகக் கையை நீட்டிப் போனை என்னிடம் கொடுத்தார்.

 அந்தப் பக்கத்தில் அவன் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பந்து தட்டும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.